நஞ்சுக்கொடியின் சாட்சியம்

உப்புவெளிக் கடற்கரையிலிருந்து நிலாவெளி வீதிக்கு ஏறும் ஒழுங்கைகளுள் ஒன்றிலே என் வீடு இருக்கின்றது. முப்பதாண்டுக் காலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கருப்பையையும், அதன் சுவரில் ஒட்டியிருக்கும் சூல்வித்தகத்தையும், அதனின்றும் குழந்தையின் கொப்பூழுக்குச் செல்லும் கொடியையும் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பாடநூல் சூல்வித்தகம் என்று கூறுவதையே ஊரார் நஞ்சுக்கொடி என்பர். இளங்கொடி என்பாரும் உளர். அப்படத்தைப் பார்த்து வரைந்த மாணவியருள் ஒருத்தி, 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் என் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்து, "சேர், நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாள். அன்று எனக்கு மறுமொழி வாய்க்கவில்லை.

அவளுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு ஊரடங்கிற் கிடந்தது. டெல்டா என்னும் பெயர் பெற்ற கொரோனா வைரசு ஊர்தோறும் பரவியிருந்த வேளை அது. எட்டாம் மாதக் கர்ப்பிணியாயிருந்த அவளுக்கு இரண்டு நாட் காய்ச்சலும் சிறிது இருமலும் வந்தன, மூச்சு முட்டவில்லை, படுக்கையிற் கிடக்கவுமில்லை. நோய் தீர்ந்தது என்று வீட்டார் ஆறுதலடைந்திருந்தபோது, ஏறக்குறைய இரண்டு வாரங்கழித்துக் குழந்தையின் அசைவு குறைந்தது, மறுநாள் நின்றது. உயிரற்ற குழந்தையையே அவள் பெற்றாள்.

அதன் பின்னர் ஊர் பேசத் தொடங்கியது. உச்சி வேளையிற் கடற்கரைக்குப் போனாள் என்றனர் சிலர். கண்ணூறு என்றனர் வேறு சிலர். தடுப்பூசி ஏற்றியதால் வந்த வினை என்று உறுதியாகச் சொன்னவர்களும் இருந்தனர். அவளோ தடுப்பூசி ஏற்றியிருக்கவேயில்லை. யார் எதைச் சொன்னாலும் பழி அவள் தலையிலேயே விழுந்தது. அவள் கேட்ட வினாவை மனத்திற் கொண்டு, அந்நோயைப்பற்றி மருத்துவ உலகம் கண்டறிந்தவற்றை நான் தேடிப் படிக்கலானேன்.

நஞ்சுக்கொடி, பிரசவ காலத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ நிறையுள்ள ஓர் உறுப்பு. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் அங்கே அண்மையிற் செல்கின்றன, ஆயினும் கலப்பதில்லை. சடைமுளைகள் எனப்படும் மெல்லிய விரல் போன்ற கிளைகள் தாயின் இரத்தத்தில் மூழ்கி நிற்க, அவற்றின் போர்வைக் கலங்களினூடாக ஒட்சிசனும் உணவும் குழந்தையைச் சேர்கின்றன, கழிவு திரும்புகின்றது. சுவாசப்பை, சமிபாட்டுக் குழாய், சிறுநீரகம் ஆகியவற்றின் தொழில்களைப் பிறவாத குழந்தைக்கு இவ்வுறுப்பொன்றே ஆற்றுகின்றது.

பெருந்தொற்றின் முதலாண்டாகிய 2020இலே, அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து நோயியல் நிபுணர்கள், தொற்றுற்ற தாய்மார் பதினாறு பேரின் நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்து, தாயின் இரத்தவோட்டம் தடைப்பட்டமைக்கான அடையாளங்கள் அவற்றில் மிகுந்திருந்ததை வெளியிட்டனர். பின்னர் இதனினும் கொடியதொரு கேடு அறியப்பட்டது. வைரசு சில தாய்மாரின் இரத்தத்தினூடாக வந்து சடைமுளைகளின் போர்வைக் கலங்களைத் தாக்குகின்றது. அக்கலங்கள் மடிகின்றன. தாயின் காவற் கலங்கள் அவ்விடத்தில் வந்து குவிகின்றன. பைபிரின் என்னும் உறைபொருள் சடைமுளைகளைச் சூழ்ந்து இறுகுகின்றது. இம்மூன்றும் சேர்ந்து நேர்ந்தவிடத்து, இரத்தம் செல்லும் வெளி அடைபட்டு, குழந்தை ஒட்சிசனின்றித் தவிக்கின்றது.

பன்னிரண்டு நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட 68 குழந்தைகளின் மரணங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 2022இல் வெளிவந்தது. அவற்றுள் 64 குழந்தைகள் பிறக்குமுன்னரே இறந்தவை. ஏனைய நான்கும் பிறந்து சிறிது காலத்தில் மாண்டவை. அவற்றின் நஞ்சுக்கொடிகளிலே சராசரியாக நான்கில் மூன்று பங்குக்கு மேல் அழிந்திருந்தது. பெரும்பாலான குழந்தைகளைக் கொன்றது அவற்றின் உடலிற் புகுந்த வைரசு அன்று. கொடியின் அழிவால் வந்த ஒட்சிசன் பஞ்சமே. அத்தாய்மாருள் ஒருவரேனும் தடுப்பூசி பெற்றிருக்கவில்லை. தாயின் நோய் கடுமையாயிருந்தால்தான் கொடி கெடும் என்பதுமில்லை. இலேசான காய்ச்சலோடு எழுந்து நடமாடியவர்களிடத்தும் இக்கேடு காணப்பட்டது. இவ்விடத்தை வாசித்தபோது என் மாணவியின் முகமே என் கண்முன் நின்றது.

வாசகர் அச்சம் கொள்ளல் வேண்டா. தொற்றுற்ற தாய்மாருள் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெற்றனர். 2020 மார்ச் முதல் 2021 செப்டெம்பர் வரை அமெரிக்காவில் நிகழ்ந்த பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது, தொற்றில்லாத தாய்மாரிடையே பதினாயிரம் பிரசவங்களில் ஏறத்தாழ 64 குழந்தைகளும், தொற்றுற்றோரிடையே 126 குழந்தைகளும் இறந்து பிறந்தமை தெரியவந்தது. டெல்டாக் காலத்தில் மட்டும் இந்த ஆபத்து நான்கு மடங்காயிற்று. ஒமிக்ரோன் வகை வந்த பின்னரும், தடுப்பூசி பரவிய பின்னரும் இக்கேடு அரிதாகிவிட்டது.

நம் நாட்டிலும் அக்காலம் கொடிதாகவே இருந்தது. வழக்கமாக ஓராண்டில் 90 முதல் 100 வரையான தாய்மாரை மகப்பேற்றில் இழக்கும் இலங்கை, 2021 மே மாதத்தில் தொடங்கிய அலையின் நான்கு மாதங்களுக்குள் கொரோனாவால் மட்டும் 40க்கு மேற்பட்ட கர்ப்பிணித் தாய்மாரை இழந்தது. கருத்தரிப்பை ஓராண்டு தள்ளிப்போடுமாறு அரசாங்க மருத்துவர்கள் வேண்டினர். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி யூன் மாதத்திலேயே தொடங்கியிருந்தும், ஐயமும் வதந்தியும் பலரைத் தடுத்தன. சிக்காகோவின் அதே ஆய்வுகூடத்தார், தடுப்பூசி பெற்ற 84 தாய்மாரின் கொடிகளையும் பெறாத 116 தாய்மாரின் கொடிகளையும் ஒப்பிட்டு, தடுப்பூசியால் கேடு விளைந்தமைக்கு அடையாளமில்லை என்று 2021இலேயே வெளியிட்டிருந்தனர். அச்செய்தி எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேரவில்லை. வதந்தி வந்து சேர்ந்தது.

தாயினூடாகச் சேயைத் தாக்கும் நோய்களை வெல்லும் ஆற்றல் நமக்கு இல்லாமலில்லை. கொடியிலே குடிகொள்ளும் மலேரியாவை ஒழித்த நாடென 2016இலும், எயிட்சு வைரசும் கிரந்தி நோயும் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வதைத் தடுத்த நாடென 2019இலும் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. வீடு வீடாகச் சென்று கர்ப்பவதிகளைக் காணும் மருத்துவமாதரின் உழைப்புக்கு அதிலே பெரும் பங்குண்டு. அவர்கள் வாயிலாகவே இரண்டு செய்திகள் ஒவ்வொரு வீட்டையும் அடைதல் வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தால், நாளை பார்க்கலாம் என்றிராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும் என்பது ஒன்று. குழந்தை இறந்து பிறந்துவிட்டால், நஞ்சுக்கொடியை நோயியல் நிபுணரின் ஆய்வுக்கு அனுப்புமாறு கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பது மற்றொன்று.

எங்கள் பாட்டிமார் காலத்து மருத்துவிச்சி, கொடி விழுந்தவுடன் அதனை விளக்கொளியில் விரித்துப் பார்ப்பாள். முழுதும் விழுந்ததா, துண்டு ஏதும் உள்ளே தங்கியதா என்று அறிந்த பின்னரே வளவின் மூலையிற் புதைக்கக் கொடுப்பாள். தாயின் உயிர் அந்தப் பார்வையிலே தங்கியிருந்தது. அவள் விளக்கைக் கொண்டு செய்ததை இன்று நுணுக்குக்காட்டியைக் கொண்டு செய்தல் கூடும். ஆயினும் குழந்தை இறந்த வீட்டிற்கூட, கொடியைப் பார்க்க வேண்டும் என்ற நினைவு பெரும்பாலும் எழுவதில்லை.

என் மாணவியின் கொடியும் ஆராயப்படவில்லை. ஆதலால் அவளுக்கு நேர்ந்தது இதுவேயென்று துணிந்து கூற என்னால் இயலாது. உரிய சாட்சி மண்ணுக்குள் போய்விட்டது. இருந்தும், படித்தவற்றை ஒரு மாலை நேரம் அவளிடம் எடுத்துச் சொன்னேன். பழைய பழக்கத்தால் ஒரு தாளில் படமும் வரைந்தேன். "நீ செய்த பிழை ஒன்றுமில்லை, பிள்ளை" என்றேன். அவள் தாளை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இதை மாமிக்கும் ஒருக்காச் சொல்லுவீங்களா, சேர்?" என்று கேட்டாள். மறுநாட் காலையிலே அந்த வீட்டுக்குப் போனேன்.