ஆரம்ப இருப்பு எங்கே சார்?

லாஜிக்கெல்லாம் சென்னைக்காரன்தான் பார்ப்பான். போடி, கம்பம் மாதிரி 'சி சென்டர்'ல ஃபைட் இருந்தா போதும் என்று சினிமா வட்டாரத்தில் ஒரு வேதவாக்கு உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போடிநாயக்கனூர் எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா? ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர். சாம்பிள் கைக்கு வந்தால் நிறம், பருமன், லிட்டர் எடை எல்லாம் பார்த்து, ஒரு காயைப் பிளந்து விதை கறுத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் விலை போடுவார்கள். 7 எம்.எம். காய்க்கும் 8 எம்.எம். காய்க்கும் வித்தியாசம் பார்க்கிறவன், உங்க கதையில் ஓட்டை இருந்தால் பார்க்க மாட்டானா?

விஷயத்துக்கு வருகிறேன். பலம் தரும் மருந்து.

'கேப்டன் அமெரிக்கா' (2011) படத்தில் டாக்டர் எர்ஸ்கின் ஒரு சீரம் கண்டுபிடிக்கிறார். நோஞ்சான் ஸ்டீவ் ரோஜர்ஸ் பயில்வான் ஆகிறான். உடனே டாக்டரைச் சுட்டுவிடுகிறார்கள்; ஃபார்முலா அவரோடு போச்சு. அதற்கப்புறம் யாராவது ஒருத்தர் அதைத் திரும்பத் தயாரிக்கத் துடித்துக்கொண்டே இருக்கிறார். 1991-ல் ஒரு காரிலிருந்து அதைப் பறிக்கக் கொலையே நடந்தது என்று 'சிவில் வார்' (2016) சொல்கிறது. 2021-ல் வந்த 'ஃபால்கன் அண்ட் த வின்டர் சோல்ஜர்' தொடரில் மொத்தம் 20 குப்பி. சிலர் ஏற்றிக்கொள்கிறார்கள். மிச்சத்தை ஜீமோ காலால் நசுக்குகிறான். தப்பிய ஒன்று ஜான் வாக்கர் உடம்புக்குள் போகிறது.

நான் பி.காம். படித்தவன். எங்க பாஷையில் இது ஸ்டாக் ரிஜிஸ்டர். போன படத்தின் இறுதி இருப்புதான் இந்தப் படத்தின் ஆரம்ப இருப்பு.

அங்கேயும் ஓட்டை உண்டு. அரைகுறை சீரம் ரெட் ஸ்கல்லின் முகத்தையே சிதைத்தது. பிற்பாடு வேறு தயாரிப்புகளை ஏற்றிக்கொண்ட பலர் பவுடர் போட்ட முகத்தோடு ஜம்மென்று திரிகிறார்கள். ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருப்பதால்தானே ரசிகன் தப்பைக் கண்டுபிடிக்க முடிகிறது!

நம்ம ஊரில்? 'இருமுகன்' (2016) படத்தின் 'ஸ்பீட்' இன்ஹேலரை இழுத்தால் பலம் ஐந்து நிமிடம்தான். அந்த நேர்மை பிடித்திருந்தது. 'விக்ரம்' (2022) படத்தில் சந்தனம் ஒரு பொட்டலத்தைக் கடித்ததும் யானை பலம். எத்தனை நிமிஷத்துக்கு? அப்புறம் உடம்பு என்ன ஆகும்? மூச்! வேடிக்கை என்னவென்றால், இதே லோகேஷ் கனகராஜ்தான் 'கைதி'யில் (2019) பிடிபட்ட சரக்கு 900 கிலோ என்று துல்லியமாகச் சொன்னவர். அந்தச் சரக்குக்காரர்களை 'விக்ரம்' கடைசியில் ரோலக்ஸ் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர். அந்தத் தொடர்ச்சிக்கு விழுந்த விசிலில் சி சென்டர் விசிலும் உண்டுதானே? சரக்குக்குக் கணக்கு உண்டு, அது தருகிற பலத்துக்கு மட்டும் கிடையாதா?

சினிமாதானே, விட்டுத் தள்ளுங்க என்பீர்கள். விட முடியாது. 1940-ல் ஜெர்மன் ராணுவம் சிப்பாய்களுக்கு 'பெர்விடின்' மாத்திரை கொடுத்தது. தூக்கமும் களைப்பும் தெரியாமல் முன்னேறினார்கள். அப்புறம் உடம்பு வட்டியோடு வசூலித்தது. பலம் என்பது கடன் சார்!

விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்குகிற அக்காக்களைக் கேளுங்கள். இடுப்பும் முழங்காலும் அன்றன்றைய கணக்கை அன்றன்றைக்கே ஒப்பிக்கும். அந்தக் கூலியில் டிக்கெட் வாங்கி வருகிறவர்களிடம் விலையே இல்லாத பலத்தைக் காட்டுகிறீர்கள். இதைக் கற்பனை வளம் என்று ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை. சுத்த அலட்சியம்.

டைரக்டர் சார்களே, தாராளமா மருந்து கொடுங்க. ஹீரோ பறக்கட்டும், மலையைக்கூடப் புரட்டட்டும். எத்தனை குப்பி, எவ்வளவு நேரம், என்ன விலை என்று மட்டும் முதல் பாகத்திலேயே எழுதிவெச்சுடுங்க. ரெண்டாம் பாகம் வரும்போது போடிக்காரன் பேரேட்டைப் புரட்டுவான்.