குளிரூட்டித் திருத்தமா? கூசாத கொள்ளையா?

வெயில் ஏறுகிறது, வீட்டுக் குளிரூட்டி படுத்துவிடுகிறது, திருத்த வருபவர் எழுதித் தரும் துண்டைக் கண்டதும் வீட்டுக்காரரும் படுத்துவிடுகிறார். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பங்குனி, சித்திரை மாதங்கள்தோறும் நடந்தேறும் இந்தக் கூத்தை இனியும் வாய்மூடிப் பார்த்திருக்க நாம் தயாராக இல்லை.

“குளிரூட்டி பணக்காரரின் ஆடம்பரப் பொருள், அதற்காக ஓர் அரசியற் பத்திரிகை கண்ணீர் வடிப்பதா?” என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு எமது விடை இது: பணக்காரருக்குத் திருத்தச் செலவு ஒரு பொருட்டல்ல. பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்க அவரால் முடியும். திருத்தக் கூலிக்கு அஞ்சுபவர் யார்? தவணை முறையில் ஒரேயொரு யந்திரத்தை வாங்கி, இருதய நோயுற்ற தாயாரின் அறையில் பொருத்தியிருக்கும் ஆசிரியர். காற்று நுழைய வழியில்லாத தொடர்மாடி வீட்டில் கைக்குழந்தையுடன் வாழும் எழுதுவினைஞர். எமது கரையோர நகரங்களில் வெப்பத்தைவிடக் கொடியது காற்றின் ஈரம். காற்றிலே ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் ஆறாது. முதியோருக்கும் நோயாளருக்கும் இது உயிர்ப் பிரச்சினை. இதனை ஆடம்பரம் என்பவர் ஒரு சித்திரை இரவைத் தகரக் கூரையின் கீழ்க் கழித்துப் பார்க்கட்டும்!

செலவு ஏன் இவ்வளவு? “டொலர் ஏறிவிட்டது” என்கிறார்கள். இதில் உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபாவைத் தொட்டது. அன்று 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. 50 டொலர் விலையுள்ள ஓர் உதிரிப்பாகம் நெருக்கடிக்கு முன் 10,000 ரூபா. டொலர் 300 ரூபாவானால் 15,000 ரூபா. வரியையும் சேர்த்தால் 17,700 ரூபா. மற்றைய இறக்குமதித் தீர்வைகள் வேறு. அரசாங்கம் தன் பங்குக்குப் பொதுமக்களின் சட்டைப்பையிற் கைவைத்திருக்கிறது என்பது வெளிப்படை.

ஆனால் டொலரின் தலையிலே எல்லாப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. டொலர் பாகத்தின் விலையை ஏற்றலாம். பழுதாகாத பாகத்தை மாற்றும்படி அது சொல்வதில்லை. ஒழுக்கை அடைக்காமல் மீண்டும் மீண்டும் காஸ் நிரப்பும்படியும் அது சொல்வதில்லை. கொள்ளையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

வாசகர்கள் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். குளிரூட்டியில் உள்ள காஸ், மோட்டார் வண்டியில் ஊற்றும் பெற்றோல் போன்றதன்று. அது எரிந்து தீர்வதில்லை. அடைக்கப்பட்ட செப்புக் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே விடுவதே அதன் வேலை. குழாயில் ஒழுக்கில்லையாயின் யந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதே காஸ் போதும். ஆகவே, “காஸ் குறைந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால், “ஒழுக்கு எங்கே?” என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு குழாய்ச்சுருளை அரிப்பதால் எமது கரையோரங்களில் ஒழுக்கு ஏற்படுவது புதுமையன்று. முறையறிந்த திருத்துநர் நைதரசனை அழுத்தி ஒழுக்கைக் கண்டுபிடிப்பார், அதனை ஒட்டுவார், பம்பியினால் குழாயின் உட்காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவார், அதன் பின்னரே காஸை நிறுத்து நிரப்புவார். இவற்றுள் ஒன்றையுஞ் செய்யாது காஸை மட்டும் நிரப்பிப் பணம் பெறுபவர், ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் விற்பவர். அடுத்த கோடையில் அவரே மீண்டும் வருவார். நாமும் மீண்டும் கொடுப்போம்!

இன்னுமொன்று: வெளிப்பெட்டி ஓடாமல் நின்றால், “கொம்பிரசர் போய்விட்டது” என்று தீர்ப்பளிப்பது வழக்கமாகிவிட்டது. கொம்பிரசரே யந்திரத்தின் மிக விலையுயர்ந்த பாகம். ஆனால் அதனைத் தொடக்கி வைக்கும் கெப்பாசிற்றர் என்ற சிறு பாகம் கெட்டாலும் அது ஓடாது. கெப்பாசிற்றரின் விலையோ கொம்பிரசரின் விலையில் மிகச் சிறு பங்கு. இரண்டில் எது கெட்டது என்பதைச் சாதாரண அளவுகருவி சில நிமிடங்களிற் காட்டிவிடும். அந்த அளவீட்டை வீட்டுக்காரருக்குக் காட்டுபவர் எத்தனை பேர்?

பழைய யந்திரம் வைத்திருப்போரின் நிலை இன்னும் பரிதாபம். ஆர்-22 என்னும் காஸ் ஓசோன் படலத்தை அழிப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ், எம்மைப் போன்ற வளர்முக நாடுகள் இவ்வகைக் காஸின் பாவனையை 2025இல் 67.5 வீதத்தாலும், 2030இல் 97.5 வீதத்தாலும் குறைக்கக் கடமைப்பட்டுள்ளன. உலக நன்மைக்கான அந்த ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம். ஆனால் நாளை காஸ் அரிதாகும் என்பதை அறிந்தும் அத்தகைய யந்திரங்களை விற்றுத் தீர்த்தவர்கள் வாங்கியவரிடம் அதைச் சொன்னார்களா? இலாபம் அவர்களுக்கு, ஓசோனின் கடன் மட்டும் எமக்கா?

திருத்துநர்கள் மீது எமக்குப் பகையில்லை. கொளுத்தும் வெயிலில், நான்காம் மாடிச் சுவரில், கயிற்றை நம்பித் தொங்குபவர் எமது உடன்பிறப்பே. அவருக்கு உரிய கூலியைக் கொடுக்க நாம் ஒருபோதும் பின்னிற்கவில்லை. எமது குற்றச்சாட்டு, இருட்டிலே கணக்கு எழுதும் முறையின் மீதும், திருத்தும் குறிப்பையும் உதிரிப்பாகத்தையும் தம் முகவர்களுக்குள்ளேயே பூட்டி வைக்கும் வணிகர்கள் மீதுமே ஆகும். நேர்மையான திருத்துநரையும் இம்முறை பட்டினி போடுகிறது.

சட்டம் இல்லையா? உண்டு! 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை வழங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், வேலை தக்க கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் எழுதாமலே அடங்கியிருப்பதாகக் கூறுகிறது. இடப்பட்ட பொருள் அதன் நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஒழுக்கை அடைக்காமல் காஸ் நிரப்புவது தக்க திறமையா? இக்கேள்வியை அதிகார சபையின் முன் வைப்பதற்கு ஒவ்வொரு பாவனையாளருக்கும் உரிமை உண்டு. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவனின் முறைப்பாடு சாட்சியில்லா வழக்கு. உத்தரவாத அட்டையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிய நாட்டில், தான் விலை கொடுத்து வாங்கிய உரிமையைத் தமிழன் தன் மொழியில் வாசிக்க முடியாதிருக்கிறான்!

பிற நாடுகள் உறங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2021 மார்ச் முதல், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளின் முக்கிய உதிரிப்பாகங்களை, கடைசிப் பெட்டி விற்பனைக்கு வந்த பின்னரும் குறைந்தது 7 ஆண்டுகள் வழங்க வேண்டும் என்பது சட்டம். 2024இல் திருத்தும் உரிமைக்கென்றே தனிக் கட்டளையையும் அவ்வொன்றியம் இயற்றியது. அயல்நாடான இந்தியா 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கெனத் தகவல் வாயில் ஒன்றைத் திறந்தது. குளிர்நாட்டவர் பெட்டிக்குச் சட்டம் செய்கிறார்கள். வெப்பநாட்டவராகிய நாம் குளிரூட்டிக்கு ஒரு விதியுஞ் செய்யாது வியர்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நாம் கோருவது நான்கு. முதலாவது, பாகத்தின் விலையையும் கூலியையும் வெவ்வேறாகக் காட்டும் மதிப்பீட்டை, வேலை தொடங்குமுன், பாவனையாளர் வாசிக்கும் மொழியில் எழுத்திலே கொடுத்தல் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஒழுக்கைச் சோதியாமல் காஸ் நிரப்பிக் கட்டணம் அறவிடுவது தடைசெய்யப்பட வேண்டும். மூன்றாவது, குளிரூட்டியை இறக்குமதி செய்பவர் அதன் பாகங்களையும் திருத்தும் குறிப்புகளையும், குறைந்தது 10 ஆண்டுகளுக்கு, வெளித் திருத்துநர் எவருக்கும் நியாய விலையில் வழங்க வேண்டும். நான்காவது, உதிரிப்பாகங்கள் மீதான வரிச்சுமை குறைக்கப்பட வேண்டும். திருத்துவதைவிட எறிவது மலிவு என்ற நிலை, அந்நியச் செலாவணிக்கு வாடும் நாட்டுக்கு அழிவாகும்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டாம். காற்றுச் சல்லடையை நீங்களே கழுவுங்கள். ஒழுக்கைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டின்றி ஒரு சதமும் கொடாதீர்கள். ஏமாற்றப்பட்டால் மூன்று மாதங்கள் கழியுமுன் அதிகார சபைக்கு எழுதுங்கள். ஒரு தொடர்மாடியில் நாற்பது குடும்பங்கள் நாற்பது பேரிடம் தனித்தனியே ஏமாறுவதை விடுத்து, ஒன்றுகூடி ஒரு நேர்மையான திருத்துநருடன் ஆண்டு ஒப்பந்தம் செய்யுங்கள். தனியாள் கேட்டால் முணுமுணுப்பு. நாற்பது பேர் கேட்டால் அது பேரம். நாடே கேட்டால் அது சட்டம்!