மேல்பட்டையில் தமிழ் கொள்ளாது என்னும் வாதம்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் விசைத்தறியில் நெய்யப்படும் சேலைகள், கடைவீதி மொத்த வியாபாரத்தோடு நில்லாமல் கைப்பேசி வழியாகவும் வெளியூர்களுக்கு விற்பனையாகின்றன. இத்தகைய வியாபாரத்துக்கென எழுதப்படும் செயலிகளில், சேலையின் விவரம் தமிழில் இருக்கும்போதும் திரையின் உச்சியிலுள்ள தலைப்பு மட்டும் பல நேரம் ஆங்கிலத்திலேயே விடப்படுகிறது. அத்தலைப்பைத் தாங்கும் பட்டையை மென்பொருளாளர்கள் நேவிகேஷன் பார் என்பர். பயனர் எந்தத் திரையில் இருக்கிறார் என்பதையும், வந்த வழியே திரும்பும் அம்புக்குறியையும் காட்டும் இதனைத் தமிழில் மேல்பட்டை எனலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகள் வெட்டுப்படும், பட்டையின் அமைப்பை மாற்ற இயலாது, வாங்குவோரும் ஆங்கிலத்துக்குப் பழகிவிட்டனர் என்று இதற்குக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றில் ஒன்றும் ஆய்வுக்கு நிற்பதில்லை.

நீளம் பற்றிய வாதம் முதலில் வைக்கப்படுவதால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஐபோனில் மேல்பட்டையின் நெடுநாள் வழக்கமான உயரம் 44 பாயின்ட். அதில் தலைப்பெழுத்தின் அளவு 17 பாயின்ட். இந்த இடத்தில் ‘இளம்பிள்ளை மென்பட்டுச் சேலைகள் மொத்த விலைப் பட்டியல்’ என்று எழுதினால் அது முடியுமுன்பே மூன்று புள்ளிகளாகச் சுருங்கும் என்பது மெய்யே; ஆனால் அதே செய்தியை ஆங்கிலத்தில் முழுமையாக எழுதினாலும் அவ்வாறே சுருங்கும். கடையின் பெயரும் ஊரின் பெயரும் முகப்புத் திரையில் சொல்லப்பட்டுவிட்ட பிறகு, உள்ளே செல்பவருக்குத் தேவைப்படுவது ‘மென்பட்டு’ என்ற ஒரு சொல்தான். இடத்தை உண்மையில் விழுங்குவது வேறொன்று: ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் பல பதிப்புகளில் திரும்பும் அம்புக்குறியின் அருகே முந்தைய திரையின் தலைப்பும் இயல்பாக வந்து அமர்ந்துகொள்வதால், நடுத்தலைப்பு நெருக்கப்படுகிறது. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், அங்கே அம்புக்குறி மட்டும் போதும் என்று ஒரே வரியில் கட்டளையிட முடிகிறது. அந்த வரியை எழுதாமல் விட்டுவிட்டுப் பழியை மொழியின் மேல் போடுவது நியாயமன்று.

எழுத்துகள் வெட்டுப்படுகின்றன என்னும் குற்றச்சாட்டு இதைவிட வலுவானது; அதற்கு விரிவான விடை வேண்டும். தமிழில் இகர, ஈகாரக் குறிகள் எழுத்தின் மேலேறுகின்றன. உகர, ஊகாரக் குறிகள் பலவும் கீழிறங்குகின்றன. ஆண்ட்ராய்டு நெடுங்காலமாகத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் உள்ளிட்ட உயரமான எழுத்துமுறைகளைக் குறுகிய வரிக்குள் அடங்குமாறு நெருக்கியே காட்டிவந்தது. அவற்றுக்குரிய முழு உயரத்தைத் தரும் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்னும் அமைப்பு 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடனேயே வந்துவிட்டபோதிலும், செயலியை எழுதுபவர் தாமே முன்வந்து அதை இயக்க வேண்டியிருந்தது. 2024-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்டு எழுதப்படும் செயலிகளிலோ அது தானாகவே இயங்குகிறது. ஆகவே குறை எழுத்தில் இல்லை; எழுத்துக்கு இடம் மறுத்த முன்னமைப்பில்தான் இருந்தது. பட்டையின் உயரத்தை ஓர் எண்ணில் பூட்டிவிடாமல், குறைந்த அளவு இவ்வளவு என்று மட்டும் சொல்லி மேலே வளர விட்டால் எஞ்சிய வெட்டும் நீங்கிவிடும்.

வெட்டில் இன்னொரு வகை உண்டு. அது நிரல் எழுதுபவரின் கையால் நேர்வது. இளம்பிள்ளை என்ற பெயரில் தமிழர் காண்பவை ஆறு எழுத்துகள்: இ, ள, ம், பி, ள், ளை. ஒருங்குறியில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் பொதுத் தரத்தில், புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி எண் பெறுவதால் அதே பெயர் பத்துக் குறியீடுகளாகிறது. ஐபோன் செயலிகள் எழுதப்படும் ஸ்விஃப்ட் மொழி இதை ஆறென்றே எண்ணுகிறது. ஆண்ட்ராய்டின் கோட்லினும் ஜாவாவும் பத்தென்கின்றன. தலைப்பைக் குறியீட்டுக் கணக்கில் நறுக்குபவர், மூன்றாவதோடு நிறுத்தினால் ‘இளம’ என்றும், ‘பட்டு’ என்பதை இரண்டாவதோடு நிறுத்தினால் ‘பட’ என்றும் வரும்; புள்ளி போன இடத்தில் மெய் உயிர்மெய்யாகிச் சொல்லே குலைகிறது. எழுத்தெல்லையைக் கண்டறியும் கருவிகள் இரு தளங்களிலும் ஆயத்தமாகவே உள்ளன.

ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தான ளை, தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை, துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்புடன் வேறு வடிவில் அச்சிடப்பட்டுவந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாகுமாறு அந்த வடிவம் மாற்றப்பட்டது. கருவிக்கு வசதியில்லை என்பதற்காகத் தமிழில் அச்சிடுவதையே கைவிடும்படி அன்று யாரும் கேட்கவில்லை.

பட்டையின் அமைப்பை மாற்ற முடியாது என்பது வெறும் தவறு. ஐபோனில் தலைப்பின் இடத்தில் விரும்பிய வடிவத்தை வைக்கும் வசதி 2008 முதலே இருக்கிறது. அதைக் கொண்டு வகையின் பெயரைப் பெரிதாகவும், அதன் கீழே ‘பார்டர் சேலை, மொத்த விலை’ என்பதுபோன்ற குறிப்பைச் சிறிதாகவும் இரு வரியில் அமைக்கலாம். 2017-இல் ஐஓஎஸ் 11 கொண்டுவந்த பெருந்தலைப்பு 34 பாயின்ட் அளவில் தனி வரியில் நின்று, திரை நகரும்போது பழைய அளவுக்குச் சுருங்குகிறது. ஆண்ட்ராய்டில் மேல்பட்டையாக அமையும் டூல்பாரில் துணைத்தலைப்புக்கென்றே இடம் உண்டு. எதிர்த்தரப்பின் அச்சத்தில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: தரப்பட்ட இந்த வசதிகளை விட்டுவிட்டுப் பட்டை முழுவதையும் தாமே வரைய முற்படுபவர், விளிம்பிலிருந்து விரலை இழுத்துத் திரும்பும் வழியைக்கூட இழக்க நேரிடும்.

பழக்கம் பற்றிய வாதத்தில் உண்மை இருக்குமானால், அது பேச்சைப் பற்றியதே. சேலை வியாபாரத்தில் பார்டர், சாஃப்ட் சில்க், டிசைன் என்ற சொற்கள் முந்தியோடும் புட்டாவோடும் கலந்தே வழங்குகின்றன. அவற்றை அப்படியே தமிழெழுத்தில் தலைப்பாக வைத்தால் நெசவாளரும் படிப்பார், வாங்கும் கடைக்காரரும் படிப்பார். கைப்பேசியின் மொழி ஆங்கிலம் என்பதும் இனித் தடையன்று: ஐஓஎஸ் 13-உம் ஆண்ட்ராய்டு 13-உம், ஒரு செயலிக்கு மட்டும் தனியே மொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பயனருக்கு வழங்கியிருக்கின்றன. அந்த உரிமை பயன்பட வேண்டுமானால், செயலியை எழுதுபவர் தலைப்புகளை நிரலுக்குள் ஆங்கிலத்தில் பதித்துவிடாமல், மொழிக்கொரு கோப்பாகப் பிரித்து, தமிழ்க் கோப்பையும் உடன் சேர்த்திருக்க வேண்டும்.