ஏலமலையின் நிழலை ஏலம் போடலாமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலத்துக்கு வரும் நாளில் விலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அந்தக் காய்க்கு நிழல் கொடுத்த மரம் எது, அது பட்டுப்போனால் அவ்விடத்தில் என்ன மரம் நடப்படுகிறது என்று விசாரிப்பவர்களோ மிகச் சிலர். ஊரின் செல்வம் இந்த இரண்டாவது கேள்வியையே நம்பி நிற்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் தானே முளைத்த செடி. பெருமரங்களின் கீழே, இலைகளூடே வடிந்து வரும் வெளிச்சத்தில், உதிர்ந்த சருகு மட்கிய மண்ணில் செழிப்பது அதன் சுபாவம். ஆகவே முன்னோர்கள் அடிக்காட்டை மட்டும் களைந்து, மேல்மரங்களை நிறுத்திவைத்து ஏலம் வளர்த்தார்கள். வெடிப்பலா, பலா, ஆயினி, சந்தனவேம்பு முதலிய மரங்கள் அங்கே கூலி கேளாத வேலைக்காரர்கள். வெடிப்பலா சோலைமந்திக்கு ஆகாரம். முதுமரத்துப் பொந்து இருவாச்சிக்கு வீடு. உயர்ந்த கிளை மலைத்தேனீக்கு இடம். தேனீ வராவிட்டால் ஏலப்பூ காயாகாமல் உதிர்ந்துபோகும் என்பதைத் தோட்டக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு இப்போது குலைந்து வருகிறது. ஞள்ளானி போன்ற மிகுவிளைச்சல் ரகங்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டுமென்று கிளைகள் கழிக்கப்படுகின்றன. மரம் பட்டுப்போன இடத்தில் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பல தோட்டங்களில் நடப்படுகிறது. அது சீக்கிரம் வளர்கிறது, மிளகுக் கொடி ஏற்றலாம், தடியாக விற்கலாம். குடகு தேசத்தில் நாட்டு மரத்தை வெட்ட அனுமதிக்கு அலைய வேண்டும், சில்வர் ஓக்கை வெட்ட அந்தத் தொல்லை இல்லை என்ற நிலைமையே காப்பித் தோட்டக்காரர்களை அதன் பக்கம் தள்ளிற்று. சட்டமே நாட்டு மரத்தைப் பாரமாக்கினால், கணக்குப் பார்க்கும் விவசாயியை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

எனினும் கணக்கில் ஏறாத நஷ்டம் ஒன்று உண்டு. ஒரே ஜாதி மரம் வரிசையாக நிற்கும் தோட்டம் பலஜாதி மரக் காட்டின் வேலையைச் செய்யாது. சோலைமந்திக்குப் பழமும் இருவாச்சிக்குப் பொந்தும் அங்கே கிடைப்பதில்லை. நிழல் மெலிந்த இடத்தில் மண்ணின் ஈரம் விரைவில் வற்றும். 2024ஆம் வருஷக் கோடையில் இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்கள் பல வறட்சியால் கருகியதைப் பார்த்த பிறகும் இதை அலட்சியம் செய்வது விவேகமன்று.

இதைவிடப் பெரிய அபாயம், நட்ட இடத்தில் நில்லாமல் காட்டுக்குள் புகும் செடிகளால் வருவது. பூவின் அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடியை எடுத்துக்கொள்வோம். அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையைத் தூவுகின்றன, ஆடுமாடு தொடுவதில்லை, பிறந்த மண்ணில் அதை அடக்கிவைத்த பூச்சிகள் இங்கே கூட வரவில்லை. நமது தேசத்தில் புலிகள் வாழும் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. வால்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நடப்பட்ட மீசாப்சிஸ் என்னும் ஆப்பிரிக்க மரம் அருகிலுள்ள மழைக்காட்டுத் துண்டுகளுக்குள் முளைத்திருக்கிறது. அதே மரம் தான்ஸானியாவின் உசம்பரா மலையில் தடிக்காக நடப்பட்டு, அங்குள்ள இருவாச்சிகள் விதையைச் சுமந்துபோய் இட, காட்டை ஆக்கிரமித்தது. காட்டின் நண்பனே அறியாமல் பகைவனுக்குத் தூதனாகிறான்!

போடிக்கு வடக்கே பழனிமலையில் நடந்தது இன்னும் நெருங்கிய பாடம். அங்கே மலைப்புல்வெளியைத் தரிசென்று எண்ணி யூகலிப்டஸும் சீகையும் நட்டார்கள். விவசாயமும் சேர்ந்துகொண்டது. நாற்பது வருஷங்களில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக 2018இல் சாஸ்திரிகள் அளந்து சொன்னார்கள். மழையை உறிஞ்சிவைத்து மெல்ல மெல்ல ஓடையாக விடுவது புல்வெளியும் சோலையும் சேர்ந்து செய்யும் தொழில். மலை கெட்டால் கீழே கொட்டகுடியாறும் வைகையும் அதன் பலனை அனுபவிக்காமல் தப்புமா?

அந்நியச் செடி என்பதாலேயே அதைப் பகைக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். மிளகாயும் உருளைக்கிழங்கும் கடல் கடந்து வந்தவையே. நம் ஏலமும் மத்திய அமெரிக்காவின் குவாதமாலாவுக்குப் போய், அந்த நாட்டை உலகச் சந்தையில் நமக்குப் போட்டியாக்கியிருக்கிறது. மிளகாய் வயலை விட்டுக் காட்டைப் பிடிக்கவில்லை, உண்ணிச்செடி பிடித்தது. பிறந்த தேசத்தை விட நடத்தையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதே நியாயம். ஆனால் நடத்தை தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஆகையால் பரவாது என்று பரீட்சை செய்து அறியுமுன் எந்த அந்நிய மரத்தையும் காட்டின் ஓரத்தில் நடக்கூடாது என்பதே பத்திரமான விதி.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் வேரோடு பிடுங்கிய இடத்தில் நாட்டுக் கன்றுகளை நட்டுச் சில வருஷம் காவல் காக்காவிட்டால், களை மறுபடி முளைத்துச் செலவெல்லாம் வீணாகும். அவ்வேலையை மலையை அறிந்த முதுவர்க்கும் பளியர்க்கும் நல்ல கூலியோடு கொடுக்க வேண்டும். விதைகள் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் நின்று அனுமதி கேட்பதில்லை. ஆகவே தமிழ்நாடும் கேரளமும் கலந்தே காரியம் செய்ய வேண்டும்.

போடி வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் சர்க்காருக்காகக் காத்திராமல், வெடிப்பலா, ஆயினி, சந்தனவேம்பு நாற்றுப்பண்ணைகளை ஊர்தோறும் ஏற்படுத்தலாம். தோட்டத்தில் நாட்டு மரம் வளர்த்தவன் அதன் கிளையையும் தடியையும் அனுபவிக்க உரிமை கேட்டுச் சட்டத்தைத் திருத்தச் செய்யலாம். மரம் நடுவது மகனுக்கென்பார்கள். தகாத மரம் நட்டால் அதைப் பிடுங்கும் கடனும் மகனுக்கே போய்ச்சேரும். ஏலக்காயை நல்ல விலைக்கு ஏலம் போடுங்கள். அதற்கு நிழல் தந்த மலையை அதோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.