ஸ்காபறோவில எங்கட சீட்

2025 ஏப்ரல் 29 காலமை எழும்பிப் போனைப் பார்த்தால், குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் அறுபது மெசேஜ். கனடாத் தேர்தல் முடிவு. "எங்கட ஆள் வெண்டிட்டார்", "தமிழனுக்கு இன்னொரு வெற்றி", நடுவில புலிக்கொடி ஸ்டிக்கர், பட்டாசு ஸ்டிக்கர். ஹரி ஆனந்தசங்கரி நாலாவது தடவையாக வென்றிருந்தார். பக்கத்தில் பிக்கரிங் - புரூக்ளின் தொகுதியில் யுவனிற்றா நாதனும் வென்றிருந்தார். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் மோல்வேர்னில இருக்கிற மச்சான் தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: "உங்கட யாழ்ப்பாணத்துக்கு இப்ப எத்தினை சீட்?"

ஆறு என்று எழுதினேன். "முந்தி ஒன்பது எல்லோ" என்றான்.

அந்த ஒன்பதுக்குப் பிறகு வருவம். முதல்ல அவன் இருக்கிற தொகுதியைப் பார்ப்பம். அதன் வாக்குச் சரித்திரத்தை நாங்கள் இஞ்ச இருந்து பிழையாகத்தான் வாசிக்கிறம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்காபறோ - றூஜ் றிவர் என்ற சமஷ்டித் தொகுதி முதன்முதலில் தேர்தலைக் கண்டது 1988இல். ரொறன்ரோவின் வடகிழக்கு மூலை, வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, தெற்கே 401 நெடுஞ்சாலை. அந்தக் காலத்தில்தான் 83 கலவரத்துக்குப் பிறகு ஓடிப்போன எங்கட ஆக்கள் அங்க அடுக்குமாடிகளில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். பிறகு சீனர், தென்னாசியர், கரீபியர், பிலிப்பினோக்கள் என்று நிறைந்து, ஒரு கட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெள்ளையர் அல்லாதவர்களாக இருந்த தொகுதி அது. ஆனால் 1988 முதல் 2011 வரை, இருபத்திரண்டு வருசத்துக்கு மேலாக, அதன் எம்.பி. ஒரே ஆள்: லிபரல் கட்சியின் டெரெக் லீ. 1993இல் ஒன்ராறியோவின் 99 ஆசனங்களில் 98ஐ லிபரல் அள்ளியது என்றால் இது ஒன்றும் அதிசயமில்லை. 2008இலும் பாதிக்கு மேற்பட்ட வாக்கு அவருக்குத்தான். அதாவது எங்கட சனம் நிறைந்திருந்த அத்தனை வருசமும் அவர்கள் போட்டது தமிழருக்கு இல்லை, தங்களை உள்ளே விட்ட கட்சி என்று நினைத்த கட்சிக்கு.

2011 வந்தது. லீ ஒதுங்கிவிட்டார். 2009 மே மாதத்தில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்ற பிள்ளைகளுக்கு இப்ப இரண்டு வயது கூட. 2010 ஓகஸ்டில் 492 பேரோடு வந்த சன் சீ கப்பலில் இருந்தவர்களை கொன்சவேட்டிவ் அரசு மாதக் கணக்கில் தடுப்பில் வைத்திருந்தது. புதிய ஜனநாயகக் கட்சி ராதிகா சிற்சபைஈசனை நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் போனவர். வென்றார், கனடாப் பாராளுமன்றத்தின் முதல் தமிழ் எம்.பி. ஆனார்.

நாங்கள் சொல்லும் கதை இதோட முடியும்: தமிழர் ஒன்று திரண்டார்கள், வென்றார்கள். இலக்கத்தைப் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது. மிச்ச அறுபதைக் கொன்சவேட்டிவும் லிபரலும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரித்துக்கொண்டன. அந்த முறை நாடு முழுக்க ஜக் லேட்டனின் அலை. 103 ஆசனத்தோடு அந்தக் கட்சி முதன்முறை எதிர்க்கட்சியானது, லிபரல் 34க்குச் சுருங்கியது. தமிழ் வாக்கு இல்லாமல் ராதிகா வென்றிருக்க மாட்டார், சரி. தமிழ் வாக்கால் மட்டும் வென்றிருக்கவும் மாட்டார். அதே தேர்தலில் ஸ்காபறோவின் இன்னொரு தொகுதியில் கொன்சவேட்டிவ் கட்சிக்கே ஒரு தமிழர் நின்றார். இதை ஒருத்தரும் ஷெயார் பண்ணுறேல்ல.

நாலு வருசத்தில் தொகுதியே காணாமல் போனது. கனடாவில் பத்து வருசத்துக்கு ஒருக்கா, சனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, மாகாணத்துக்கொரு சுயாதீன ஆணைக்குழு எல்லைகளைத் திரும்ப வரையும். மொத்தத் தொகுதிகள் 308இலிருந்து 338 ஆகின. றூஜ் றிவர் உடைந்து ஸ்காபறோ நோர்த், ஸ்காபறோ - றூஜ் பார்க் என்று போனது. ராதிகா நோர்த்தில் நின்று மூன்றாமிடம் வந்தார். றூஜ் பார்க்கில் ஹரி லிபரல் சார்பில் நின்று ஏறத்தாழ அறுபது வீதம் எடுத்தார். அவரை எதிர்த்த புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் தமிழர்தான். அவருக்கு விழுந்தது பத்து வீதமளவில். நாலு வருசத்துக்கு முதல் "எங்கட கட்சி" என்று கொண்டாடிய கட்சி!

இன்னும் நல்ல உதாரணம் 2016இல் பழைய றூஜ் றிவர் எல்லைக்குள் நடந்த மாகாண இடைத்தேர்தல். லிபரலுக்கு ஒரு தமிழர், புதிய ஜனநாயகக் கட்சிக்கு ஒரு தமிழர். வென்றது கொரியாவில் பிறந்த கொன்சவேட்டிவ் வேட்பாளர் றேமண்ட் சோ. இரண்டு தமிழரின் வாக்கையும் கூட்டினால் சோவை விடக் கன தூரம் மேல. அப்போது அங்க சூடாக ஓடிய விசயங்களில் ஒன்று பள்ளிக்கூடங்களின் பாலியல் கல்விப் பாடத்திட்டம். ஈழம் இல்லை.

இதைக் கேட்டுவிட்டுச் சில பேர் "பாத்தியா, ஒற்றுமை இல்லை" என்று தொடங்குவினம். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. பஸ், வாடகை, பிள்ளையின்ர பாடம், அம்மாவை ஸ்பொன்சர் பண்ணுற வரிசை என்று பார்த்து வாக்குப் போடுறவன் அந்த நாட்டின் பிரஜையாகிவிட்டான். அதைத் துரோகம் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? அவர்கள் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 மே 18 அன்று தமிழின அழிப்பு நினைவு நாளை ஏற்று கனடாப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய பிரேரணையைக் கொண்டுவந்தவர் ஹரி. முள்ளிவாய்க்காலில் மகனைத் தொலைத்த ஒரு தாய்க்கு அது சின்ன விசயமில்லை. ஆனால் அது ஒரு பிரேரணை. அவளுடைய காணியை விடுவிப்பதோ, பாதீட்டில் காசு ஒதுக்குவதோ ஒட்டாவாவில் நடக்காது.

இப்ப அந்த ஒன்பது. எங்கட தேர்தல் மாவட்டம் கனடாத் தொகுதி மாதிரி ஒருவரைத் தெரிவது இல்லை. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்த ஒரு பெரிய துண்டு, கட்சி வாக்கு, விருப்பு வாக்கு என்று எண்ணிப் பலரை அனுப்புவது. எத்தனை பேர் என்பதைப் பதிவான வாக்காளர் தொகை தீர்மானிக்கும். 2010இல் ஒன்பது. 2015இல் ஏழு. 2024இல் ஆறு, அந்த முறை குறைந்த ஒன்று குறைய, கம்பஹாவுக்கு ஒன்று கூடியது. செத்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், கப்பலேறியவர்கள், இப்ப ஸ்டூடன்ட் விசாவில் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கழித்தலுக்குள் இருக்கினம். வெளிநாட்டில் இருந்து இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க வழியுமில்லை.

ஸ்காபறோவில் கோடு மாறினால் ஒரு தொகுதி இரண்டாகும், சனம் அங்கேயே இருக்கும். இஞ்ச கோடு அப்படியே கிடக்கு, சனம்தான் இல்லை. 2024இல் தேசிய மக்கள் சக்தி யாழில் ஆறில் மூன்றை எடுத்தபோது "எங்கட சனம் மாறிட்டுது" என்று புலம்பியவர்கள், அந்தக் கீழ் எண் ஏன் ஆறானது என்று ஒரு வரி எழுதவில்லை. மூன்று பெரிசாகத் தெரிவது பாதி அதனாலும்தான்.

கிராம சேவகர் வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்கு வீட்டுக்கு வந்தபோது நான்தான் பதில் சொன்னேன். முந்தின இடாப்பில் எங்கட வீட்டில் ஐந்து பெயர். இரண்டு அண்ணாமாரும் எங்கே என்று கேட்டார். ஒருவர் லண்டன், ஒருவர் ஸ்காபறோ. அடிமட்டம் வைத்து இரண்டு கோடு கீறினார். அம்மா உள்ளேயிருந்து, "ஒராள் இன்னும் அங்க சிற்றிசன் ஆகேல்லத் தம்பி" என்றா. அவர் கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அடுத்த வீட்டு இலக்கத்தைக் கேட்டார்.