மத்தி ஒண்ணா, ரெண்டா? கிழக்குக் கடல் மீனையும் மேற்குக் கடல் மீனையும் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம்?

செஞ்சியில் கோட்டை இருக்கு, மலை இருக்கு. கடல் மட்டும்தான் இல்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊரான மரக்காணத்துக்குத் திண்டிவனம் வழியாகப் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனாலும் சந்தையில் மத்தி வந்து இறங்கினால், "இது நம்ம பக்கத்து மீனா, கேரளா மீனா?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

வாங்குபவருக்கு இது ருசி சம்பந்தப்பட்ட கேள்வி. மீன்வள ஆய்வாளர்களுக்கோ, யார் எந்த மாதத்தில் வலையைச் சுருட்டி வைக்க வேண்டும் என்பதையே முடிவு செய்யும் கேள்வி. எப்படி? பார்க்கலாம்.

முதலில், அது மத்திதானா?

மத்தி, சாளை, கவலை, சூடை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயரில் இரண்டு மூன்று இனங்கள் விற்கப்படுவதும் உண்டு. எண்ணெய்ச் சத்துள்ள அசல் மத்தியின் அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். 'லாங்கிசெப்ஸ்' என்றால் நீளத் தலை. வால் துடுப்பை விட்டுவிட்டு அளந்தால், உடல் நீளத்தில் 29 முதல் 35 சதவீதம் தலை மட்டுமே இருக்கும். செவுள் மூடியின் பின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும்.

செவுளைத் திறந்தால் இன்னும் தெளிவான அடையாளம் கிடைக்கும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்ட, சீப்புப் பல் மாதிரி முட்கள் வரிசையாக இருக்கும். மத்தியின் செவுள் வளைவின் கீழ்ப்பகுதியில் இவை 150 முதல் 253 வரை. அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறு சாளை வகையான சார்டினெல்லா கிப்போசாவில் 45 முதல் 59 வரைதான்.

ஆக, இனம் எதுவென்று எண்ணியே சொல்லிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

இனம் ஒன்று, கூட்டம் வேறு

ஒரே இனத்து மீன்கள் எல்லாம் ஒரே கூட்டமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கூட்டம் ஓரிடத்தில், ஒரு பருவத்தில் முட்டையிடும். இன்னொன்று வேறிடத்தில், வேறு பருவத்தில் முட்டையிடும். இரண்டும் பெரிதாகக் கலக்கவில்லை என்றால் அவை தனித்தனி இனக்கூட்டங்கள். மீன்வளத் துறையில் இதை 'ஸ்டாக்' என்பார்கள்.

இதை முதலில் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய ஆய்வாளர் பிரெட்ரிக் ஹெய்ன்கே. ஐரோப்பாவின் ஹெர்ரிங் மீன்கள் எல்லாம் ஆர்க்டிக் பக்கமிருந்து ஒரே படையாக வந்து திரும்புகின்றன என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. ஹெய்ன்கே ஆயிரக்கணக்கான மீன்களில் முதுகெலும்புக் கண்ணிகள், செதில்கள், உடல் அளவுகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். பகுதிக்குப் பகுதி தனித்தனி ஹெர்ரிங் கூட்டங்கள் இருப்பதாக 1898-ல் காட்டினார்.

உடல் அளவு ஏமாற்றுமா?

ஏமாற்றும். குளிர்ந்த நீரில் வளரும் மீன் குஞ்சுகளுக்கு முதுகெலும்புக் கண்ணிகள் கூடுதலாக அமைவது பல இனங்களில் பதிவாகியிருக்கிறது. நிறைய இரை கிடைத்த மீன் பருமனாக இருக்கும், கிடைக்காதது ஒல்லியாக இருக்கும். மத்தியின் எண்ணெய் அளவும் பருவத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அதனால் "கேரளா மத்தி கொழுப்பு, நம்ம மத்தி மெலிசு" என்பதை மட்டும் வைத்து இரண்டும் வேறு கூட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே கூட்டத்து மீன்கள் இரண்டு இடத்தில் சாப்பிட்டு வளர்ந்திருக்கலாம்.

அதனால்தான் உடல் அளவோடு வேறு சாட்சிகளையும் சேர்க்கிறார்கள். எங்கே, எப்போது முட்டையிடுகிறது? எந்தப் பக்கம் இடம்பெயர்கிறது? மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல் என்ன சொல்கிறது? மரக் கட்டையில் வளையம் விழுவது போல இந்தக் கல்லிலும் வளையங்கள் விழும். மீன் வளர்ந்த நீரின் வேதித் தடயமும் அதில் பதிந்திருக்கும். கடைசியாக மரபணு. எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டினால்தான் முடிவு உறுதி.

மத்தி கிழக்கே வந்த கதை

1980-களின் நடுப்பகுதி வரை மத்தி என்றால் பெரும்பாலும் மேற்குக் கடற்கரை மீன்தான். தென்மேற்குப் பருவமழை நேரத்தில் கேரளக் கடலில் அடிநீர் மேலே எழும்பும். நுண்ணுயிர்கள் பெருகும். மத்தி முட்டையிடுவதும், கரையோரம் கூட்டமாகத் திரள்வதும் இந்தச் சுழற்சியை ஒட்டியே நடக்கும்.

அதன் பிறகு தமிழகக் கடலிலும் மத்தி அதிகமாகச் சிக்கத் தொடங்கியது. கடல் நீர் சூடாகி வருவதோடு இதைத் தொடர்புபடுத்தினார்கள் கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த இ.விவேகானந்தன் உள்ளிட்ட ஆய்வாளர்கள். அப்போது கேரளப் பக்கம் மீன் குறையவில்லை. எனவே மத்தி இடம் மாறிவிடவில்லை, தன் எல்லையை விரித்துக்கொண்டது என்பது அவர்களின் கணிப்பு.

சரி, விரிந்து வந்த மீன்கள் இங்கேயே தனிக் கூட்டமாகிவிட்டனவா, இன்னும் மேற்குக் கூட்டத்தோடு கலக்கின்றனவா? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

தடைக்காலத்தோடு என்ன தொடர்பு?

கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டுமே உண்டு. கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் கணக்கு, கன்னியாகுமரி முதல் நீரோடி வரை ஜூன் கணக்கு. ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை மேற்கே வலை ஓய்ந்திருக்கும், கிழக்கே படகுகள் கடலுக்குப் போகும்.

இப்போது இரண்டு சாத்தியங்களை யோசித்துப் பாருங்கள்.

ஒன்று: இரண்டு பக்கமும் ஒரே கூட்டம். அப்படியானால் ஒரு கரையில் விட்டுவைத்த மீன் இன்னொரு கரையில் பிடிபடலாம். ஒரு மாநிலம் மட்டும் கட்டுப்பாடு போட்டால் போதாது. உதாரணமாக, 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளா விதி வைத்திருக்கிறது. ஒரே கூட்டம் என்றால் அதன் முழுப் பலன் எல்லோரும் பின்பற்றினால்தான் கிடைக்கும்.

இரண்டு: தனித்தனிக் கூட்டங்கள். அப்படியானால் மொத்தக் கணக்கு ஆபத்தானது. கேரளாவில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன். இவ்வளவு பெரிய சரிவு கண்ணில் படாமல் போகாது. ஆனால் ஒரு சிறிய கூட்டம் சரியும்போது பக்கத்துக் கூட்டம் நன்றாக இருந்தால், நாட்டின் மொத்தப் புள்ளிவிவரம் "எல்லாம் சரிதான்" என்று காட்டிவிடும். விழித்துக்கொள்வதற்குள் அந்தக் கூட்டமே காலியாகியிருக்கும்.

தடைக்கால மாதங்களை மாற்ற வேண்டும் என்று மீனவர்கள் தரப்பில் அவ்வப்போது கோரிக்கை எழுகிறது. அதற்குச் சரியான பதில் சொல்லவும் இந்த விவரம் வேண்டும். எந்தக் கூட்டம் எப்போது முட்டையிடுகிறது என்று தெரியாமல் தேதி குறித்தால், மீனவருக்கு வருமானமும் போகும், மீனும் மிஞ்சாது.

அடுத்து என்ன?

மத்தியின் முழு மரபணுத் தொகுதியை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் வரிசைப்படுத்தியது. 46,316 புரத மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. எந்தக் கரையில் பிடித்த மத்தி எந்தக் கூட்டத்தோடு சேரும் என்று ஒப்பிட இனி இது ஒரு அடிப்படை வரைபடம். இதோடு தமிழகத் துறைமுகங்களில் மாதாமாதம் மீனின் நீளம், சினைப் பக்குவம், செவிக்கல் விவரங்களும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

செஞ்சியில் மீன் வாங்குபவருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். மத்தி விலை குறைந்த மீன், ஏழை வீட்டுக் குழம்புக்குப் புரதம் தரும் மீன். கேரளாவில் 2021-ல் நடந்தது கிழக்குக் கடலிலும் நடந்தால், முதலில் காலியாவது கடலிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இதுபோன்ற சந்தைகளின் கூடைதான். அடுத்த முறை மீன்காரரிடம் "எந்த ஊர் மீன்?" என்று கேட்கும்போது, கூடவே விரலை வைத்து நீளத்தையும் பாருங்கள். 10 சென்டிமீட்டர் கூட இல்லையென்றால், அது இன்னும் முட்டையிடாத குஞ்சாகத்தான் இருக்கும்.