சித்திரப் பாடமும் சிறுவர் சுதந்திரமும்

பள்ளிக்கூடங்களில் சித்திரம் கற்பிப்பது குறித்து நம்மவரிடையே இரு கட்சிகள் உண்டு. குழந்தைக்கு ஒன்றுமே சொல்லித் தரலாகாது, மனம்போனபடி விடுவதே சுதந்திரம் என்பது ஒரு கட்சி. உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதிய மாம்பழத்தை இம்மியும் பிசகாமல் எழுதுவதே கல்வி என்பது மற்றொன்று. இரண்டும் தவறென்பது நமது துணிபு.

நம் வீட்டு வாயிலைப் பார்ப்போம். தாய் புள்ளி வைத்துக் கோடிழுக்கும் முறையைக் காட்டுகிறாள். பெண் அதைப் பார்த்து இழுக்கிறாள். சில மாதங்கள் சென்றபின் அதே புள்ளிகளில் தாய் அறியாத கோலமொன்றைத் தானே போடுகிறாள். வழிகாட்டாதிருந்தால் அவள் கைக்குக் கோடு வசப்பட்டிராது. தாய் விலகி நில்லாதிருந்தால் புதுக்கோலம் பிறந்திராது. போதனையின் இரகசியம் இவ்வளவே.

பார்த்தெழுதும் பழக்கம் முற்றினால் அது மனத்தையே அடிமைப்படுத்திவிடும். கல்கத்தா சர்க்கார் சித்திரப் பாடசாலைக்கு 1896-இல் தலைவராக வந்த ஹாவெல் என்னும் ஆங்கிலேயர், ஐரோப்பிய மாதிரிகளை நகலெடுக்கும் முறையை ஒழித்து, இந்தியக் கலைக்கு முதலிடம் தர முற்பட்டார். அதை எதிர்த்துக் கிளம்பியவர் யாவர்? அங்குப் பயின்ற நம் மாணவர்களே! அவர்களுக்காக நம் பத்திரிகைகள் சிலவும் பரிந்து பேசின. விலங்கைக் கழற்ற வந்தால் கைதியே தடுக்கும் விபரீதத்தை என்னென்பது!

இதற்கு மாற்று நம் தேசத்திலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1944-இல் சேவாகிராமம் சென்று, காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் பல்லாண்டுகள் சித்திரம் கற்பித்தார். கலையைக் கல்விக்கு ஆபரணமென்னாமல் அஸ்திவாரமென்று கொண்டவர் அவர்.

முறை எளிது. உபாத்தியாயர் ஓர் இலையை எடுத்து, நடுநரம்பு ஓடும் விதத்தையும் கிளை நரம்புகள் பிரியும் விதத்தையும் காட்டட்டும். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சையாவதைச் செய்து காட்டட்டும். பிறகு தாம் எழுதியதை அழித்துவிட்டு, "உன் வீட்டருகே நிற்கும் மரத்தை எழுது" என்று வெறுங்காகிதத்தைக் கொடுக்கட்டும். நாற்பது பிள்ளைகளும் நாற்பது மரங்களை எழுதினால் பாடம் பலித்தது. நாற்பதும் ஒரே மரமாயிருந்தால் பலிக்கவில்லை.

கலைக் கல்வி பத்தாம் வகுப்புவரை கட்டாயமாயிருக்க வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட அமைப்பு கூறிற்று. ஆயினும் பரீட்சை நெருங்கியதும் சித்திர மணி கணக்குக்குப் பறிபோவதை யார் அறியார்? பள்ளிக் கூட்டங்களில் பெற்றோர் இதனைத் தட்டிக் கேட்க வேண்டும். சித்திர மணி பறிக்கப்படலாகாது. அதில் பாதியேனும் பிள்ளையின் சொந்தக் கற்பனைக்கு ஒதுக்கப்பட வேண்டும். பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கு இஃது அற்ப விஷயமென்று தோன்றலாம். அன்று. பிறர் வரைந்த கோட்டின்மேலேயே பத்தாண்டுகள் கைபழகியவன், வளர்ந்தபின் தன் தேசத்துக்குப் புதுவழி வகுப்பான் என்று எங்ஙனம் எதிர்பார்ப்பது? சுதந்திர புருஷர்களை விரும்புவோர் முதலில் சிறுவர் கையில் ஒரு வெறுங்காகிதத்தைக் கொடுப்பாராக.